ஷெட்டு கொயரில் நான் வாசித்த வாசிப்பு

கீபோர்டு வாசிக்கத் தெரியும் என்று ஊரை நம்பவைத்திருந்த காலத்தில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஸ்கேல்தான், சி. மற்றதையெல்லாம் டிரான்ஸ்போஸ் பொத்தான் பார்த்துக்கொண்டது. அதை ஐந்து முறை அமுக்கினால், விரல்கள் பழகிய கட்டைகளிலேயே நடக்கும். சத்தம் மட்டும் பாடுகிறவர்களின் சுருதிக்கு ஏறிவிடும். (கேட்டவர்களிடம், "எல்லாம் காதாலேயே பிடிச்சிடுவேன்" என்பேன்.)

வேலைக்காகத் தூத்துக்குடியிலிருந்து காட்டுப்பாக்கம் வந்த என்னை நம்பிச் சேர்த்துக்கொண்டது எங்கள் சபையின் இளைஞர் பாடகர் குழு. நர்ஸ் ஸ்டெல்லா அக்கா ஆறு பிள்ளைகளோடு ஒரு கார் ஷெட்டில் தொடங்கியது. நான் போனபோது முப்பது பேர். அக்கா டியூட்டி முடித்த கையோடு வந்து, நான்கு குரல்களையும் தனித்தனியாகப் பாடிக்காட்டுவார். அப்படி உழைத்த ஒருவரை நான் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் மட்டும் கீபோர்டைத் திறக்க விடமாட்டார். தொண்டைக்கு நல்லதாம்.

மற்ற சபைக்காரர்களுக்கு நாங்கள் 'ஷெட்டு கொயர்'. பூந்தமல்லிப் பாட்டுப் போட்டியில் ஜெயித்து அந்தக் கேலியை ஒழிக்க வேண்டும் என்று எல்லாருக்கும் வெறி.

மேடையில் முதல் சரணம் முடியும்போது கரண்ட் போனது. கீபோர்டு ஊமையானது. பிள்ளைகள் நிறுத்தவே இல்லை. அக்காவின் கையைப் பார்த்தே பாடினார்கள். எனக்குப் புல்லரித்தது. அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம்.

கரண்ட் வந்தது. அணைந்து மறுபடி உயிர்பெற்ற கீபோர்டில் என் ஐந்து அமுக்கும் அழிந்துபோயிருந்தது. அது தெரியாமல் இரண்டு கைகளாலும் இறங்கினேன். அவர்கள் ஒரு சுருதி, நான் ஒரு சுருதி. பிள்ளைகள்தான் பிசகிவிட்டார்கள் என்று முடிவுகட்டி, அவர்களைக் காப்பாற்ற வால்யூமை ஏற்றினேன்.

டெனர் குரலுக்கு ஓய்வு வந்த இடத்தில், அதைப் பாடிய கரையான்சாவடி விஜய் பல்லைக் கடித்தான். "மச்சான், இன்னா வாசிச்சிகினு கீற? இது நம்ம பாட்டே இல்லடா!"

அக்கா ஒரு கையால் தாளம் காட்டியபடியே நகர்ந்து வந்து, மறு கையால் ஒயரைப் பிடுங்கினார். முப்பது குரல்களும் இம்மி பிசகாமல் பாடி முடித்தன.

"இசைக்கருவியே எதிர்த்தும் சுருதி விடாத குழு" என்று சொல்லி நடுவர் முதல் பரிசைக் கொடுத்தார். அடுத்த வாரம் நாங்களே பேனரில் 'ஷெட்டு கொயர்' என்று போட்டுக்கொண்டோம்.

அன்று மேடைக்குப் பின்னால் அழாத குறையாக ஒப்புக்கொண்டேன். "அக்கா, எனக்கு சி மட்டும்தான் தெரியும்."

"தெரியும் தம்பி. வந்த நாள்லேர்ந்து நீ பொத்தான அமுக்கறத பாத்துகினுதானே கீறேன்? அதுக்குத்தான் வெள்ளிக்கிழமைல நீ இல்லாம பாடப் பழக்கினேன்."

இன்றும் அந்தப் பாட்டில் இரண்டாம் சரணம் வந்தால் ஒயரைப் பிடுங்கிவிடுவது எங்கள் குழுவின் வழக்கம். அந்தப் பொறுப்பு என்னுடையது. அன்று ஆல்ட்டோ குரலில் பாடிய ஜெனிஃபர் இப்போது என் மனைவி. எங்கள் மகளும் போன மாதம் குழுவில் சேர்ந்தாள். "உங்க அப்பா இன்னா வாசிப்பாரு?" என்று யாரோ கேட்டார்களாம்.

"அப்பா ஒயர் பிடுங்குவாரு" என்றாளாம். பெருமையாகத்தான் சொன்னாள் என்கிறாள் ஜெனிஃபர்.