கொம்பையாவின் கொழுப்பு ரிப்போர்ட்

ஒரு காட்டில் கொம்பையா என்ற காட்டுப்பன்றி, கிழங்கும் சேறுமாகச் சந்தோஷமாக இருந்தார். அவருக்கு வந்த கேடு, இலவசப் பரிசோதனை முகாம். ஆலமரத்தடியில் நரி லேப் போட்டிருந்தது. கொம்பையா டோக்கன் வாங்கி, மானுக்குப் பின்னால் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தார். கொலஸ்ட்ரால் முந்நூற்றுப் பன்னிரண்டு!

"அண்ணாச்சி, நீங்க நடந்து வந்ததே பெரிசு" என்றது நரி. "பூண்டு மாத்திரை தாரேன். வேளைக்கு ரெண்டு. ஈரல் கொழுப்பையெல்லாம் பித்தமா மாத்தி வெளிய தள்ளிரும். நம்ம ராஜாவுக்கும் இதே வியாதிதான்."

"அவரும் மாத்திரை சாப்பிடுதாரா?"

"அவருக்கு மாத்திரை பிடிக்காது. பத்தியம் மட்டும் எழுதிக் கொடுத்திருக்கேன்."

கொம்பையாவுக்கு உயிர்மேல் அப்படியொரு ஆசை. மூன்று மாதம் கிழங்கைத் திரும்பிப் பார்க்கவில்லை, பாவம். காலையில் மாத்திரையும் வெந்தயமும், மாலையில் மலையேற்றம். ஏப்பம் விட்டால் எட்டு மரம் தள்ளிப் பூண்டு நாறும். மச்சினன் சுடலைமுத்து சேற்றில் புரண்டுகொண்டே சிரித்தான்.

"அத்தான், எனக்கு முந்நூத்தி நாப்பது. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"சாவேலே, சாவே!" என்று கத்திவிட்டு மலையேறினார் கொம்பையா.

மறுபரிசோதனையில் நூற்று நாற்பது! அவருக்குத் தலைகால் புரியவில்லை. ரிப்போர்ட்டை லேமினேஷன் போட்டு, மாலை சாத்திப் புதர் வாசலில் மாட்டினார். காட்டு வாட்ஸப் குழுவிலும் போட்டார். நாற்பது பேர் கைகூப்பினார்கள்.

மறுநாள் காலை சிங்கராஜா நரியோடு வந்தார். கண்ணாடி மாட்டி, ரிப்போர்ட்டை நிதானமாகப் படித்தார்.

"டாக்டர் எனக்குக் கொழுப்பில்லாத கறிதான் திங்கச் சொல்லியிருக்கார்" என்றார் வருத்தமாக. "இந்தக் காட்டிலேயே நீ ஒருத்தன்தான் தேறியிருக்கே, கொம்பையா."

கொம்பையா பாய்ந்து ரிப்போர்ட்டை மாலையோடு கழற்றினார்.

"ஐயோ ராஜா, அது தப்பான ரிப்போர்ட்! நான் கொழுப்பெடுத்த பய! யாரை வேணா கேளுங்க!" உள்ளே ஓடிப் பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து வந்து நீட்டினார். "பாருங்க, முந்நூத்திப் பன்னெண்டு! சீலும் இருக்கு!"

நரி தேதியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. "மூணு மாசத்துக்கு மேல ஆனா செல்லாது, அண்ணாச்சி."

"அப்போ சுடலைமுத்து? நல்லா கொழுகொழுன்னு இருப்பான்!"

"அவனைத் தின்னா ராஜாவுக்கு நெஞ்சடைச்சிரும்லா?" என்றது நரி.

பதினாறாம் நாள் விசேஷத்தில் சுடலைமுத்து மூன்று இலை சாப்பிட்டான். வாயில் வடையோடு தேம்பித் தேம்பி அழுதான்.

"போகும்போது அத்தான் எவ்வளவு ஆரோக்கியமா இருந்தாரு!"

நீதி: உடம்பைப் பேணுவதில் தப்பில்லை, யாருடைய உடம்புக்காகப் பேணுகிறோம் என்று முதலில் விசாரித்துக்கொள்ளவும்.