கரடிக் கூண்டும் ஏலக்காய் விலையும்

என் மாமியார் வீட்டுச் சண்டைகளை ஒன்றுவிடாமல் கேட்டு, அத்தனைக்கும் நியாயம் சொன்ன ஒரே மனிதர் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் கூண்டுக்காரர்தான். கேட்கும்போது அவர் கரடிக் கூண்டுக்குள் நின்று பெருக்கிக்கொண்டிருப்பார்.

எழுபதுகளில் தேனிப் பக்கம் ஒரு பூங்காவில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். அங்கே சில மான்கள், மயில்கள், கருப்பாயி என்றொரு கரடி. கருப்பாயிக்கு அடுத்தடுத்து இரண்டு அறைகள், நடுவில் தூக்கி இறக்கும் இரும்புக் கதவு. அவளை ஓர் அறைக்குள் அனுப்பி, கதவை இறக்கிவிட்டு, மற்ற அறையைக் கழுவுவார் கூண்டுக்காரர். கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்து ஒடிந்துவிட்டது. புதுசு கேட்டால், "வரும், வரும்" என்றார்கள். அது வரும்வரை வெளியே நின்று கதவைக் கடப்பாரையால் அழுத்திப் பிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

பிடித்தால் மட்டும் போதாது, பேசவும் வேண்டும். குனிந்து பெருக்குகிறவர் நான் நிற்கிறேனா என்று எப்படிப் பார்ப்பார்? பேச்சு நின்றால் விளக்குமாறும் கையுமாக வெளியே பாய்ந்துவிடுவார். ஒருநாள் எனக்குத் தும்மல் வந்தது. ஆள் வாசலில்!

"ஏலே, தும்மப்போறேன்னு சொல்லிட்டுத் தும்முடா! பாதி உசிரு போயிருச்சு!"

"பேச என்னண்ணே இருக்கு?"

"போடிச் சந்தையில ஏலக்காய் என்ன வெலை? உன் மாமியா நேத்து என்ன சொன்னாக? எதையாச்சும் அவுத்து விடு. 'வெளிய வந்துட்டேன், விடு'ன்னு நான் சொல்றவரைக்கும் வாய மூடாத."

முன்பு அவர் வேலை பார்த்த ஒரு சர்க்கஸில் கதவு பிடித்தவன் பீடி பற்றவைக்கப் போய்விட்டான். அன்றைக்குப் போனவைதான் அவருடைய இடது கை விரல்கள்.

ஜனங்கள் மானை விட்டுவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள். ஒருமுறை அந்தக் கூட்டத்தில் என் மாமியாரே நின்றார்.

"ஆத்தாடி! கரடிக்கிட்டயுமா என் மானத்த வாங்குறீக, மாப்ளே?" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. நான் வாயடைத்துப் போனேன். உள்ளேயிருந்து கூண்டுக்காரர் அலறினார்.

"அந்தம்மா பேசுனா ஆகாது! கதவப் பிடிக்கிறவன் பேசணும்டா!"

அப்புறம் மச்சினன் கல்யாணத்துக்கு நான் தேவாரம் போனேன். எனக்குப் பதிலாக நின்ற தோட்டக்காரன் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தானாம். அதிகாரியின் ஜீப் ஹாரன் அடித்ததும், கேட்டைத் திறக்கக் கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடினான். பேச்சு நின்றதும் கூண்டுக்காரரும் ஓடிவந்தார். கழுவின தரை வழுக்கிவிட்டது. கருப்பாயி நடுக்கதவை நெம்பிக்கொண்டு வந்தாள். விழுந்த மனுஷன் தப்பிக்கப் பார்க்கவில்லை. திறந்திருந்த வெளிக்கதவை உள்ளேயிருந்தபடியே இழுத்துச் சாத்தினார். வெளியே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள்.

சேதி கேட்டு நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது அவர் முகம் முழுக்கக் கட்டுப் போட்டிருந்தது. கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, நாந்தான். பிடிச்சிருக்கேன். ஏலக்காய் வெலை ஏறிப்போச்சுண்ணே. கல்யாணத்துல பாயசத்துக்கு மாமியா போட்டாக பாருங்க ஒரு சண்டை..."

"அவருக்குக் கேக்காதுங்க," என்றார் நர்ஸ். விடியும்போது போர்வையை அவர் முகத்துக்கு மேல் இழுத்து மூடிவிட்டு, "போதுங்க, எந்திரிங்க," என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை, பேச்சையும் நிறுத்தவில்லை. "வெளிய வந்துட்டேன், விடு" என்று அண்ணன் சொல்லவே இல்லையே.