மாசிலாமணி வம்ச வரலாறு

ஒரு காட்டில் எல்லா விலங்குகளுக்கும் ஒரு பெயரும், பெயருக்கு முன்னால் ஒரே ஒரு எழுத்தும் இருந்தன. அந்த எழுத்து அப்பாவின் பெயரிலிருந்து எடுத்தது. கல்யாணமானால் பெண் விலங்கு அப்பாவின் எழுத்தை இறக்கி வைத்துவிட்டுக் கணவனின் எழுத்தை எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் அங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. கேட்காமலேயே தெரிந்துகொள்ள வேறு வழிகள் இருந்தன.

அந்தக் காட்டில் சோ. மாசிலாமணி என்றொரு முள்ளம்பன்றி, மா. பூங்கோதை என்ற மனைவியோடும் மா. காந்தள் என்ற மகளோடும் வாழ்ந்து வந்தது. அந்த வருஷம் மழை பெய்யவில்லை. குளத்தில் தண்ணீர் போய்ச் சேறு மட்டும் மிஞ்சியது, பிறகு சேறும் வெடித்தது. பக்கத்தில் கம்பிவேலி போட்ட ஒரு சரணாலயம் இருந்தது. அதற்குள் பெரிய ஏரி. புதன்கிழமை காலை கேட் திறக்கும், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சாத்திவிடுவார்கள், அதன்பிறகு மழை வந்தால்தான் திறப்பார்கள் என்று அறிவிப்பு வந்தது. குடும்பமாக வருகிறவர்களுக்கு மட்டும் அனுமதி. தனி ஆண்களுக்கு இடமில்லை. தனி ஆண்கள் வம்பு செய்வார்கள் என்று போன கோடையில் கண்டுபிடித்திருந்தார்கள்.

முள்ளம்பன்றிகள் பகலில் தூங்குகிற ஜாதி. ஆனால் அலுவலகம் பகலில்தான் இயங்கும். மூன்றும் கண்ணைக் கசக்கிக்கொண்டே வரிசையில் போய் நின்றன.

பின்னால் நின்ற காட்டுப்பன்றி பேச்சுக் கொடுத்தது. அதை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். சொந்த ஊர் எந்த ஓடைப் பக்கம் என்று கேட்டது. குலசாமி எந்த மரத்தடியில் என்று கேட்டது. பெரியப்பா எங்கே பெண் எடுத்தார் என்று கேட்டது. மூன்று கேள்வியில் அதற்கு வேண்டியது கிடைத்துவிட்டது. "நம்ம காட்டுல இப்ப அதெல்லாம் யாரு தம்பி பார்க்கிறா" என்று தானாகவே சொல்லிவிட்டு, ஓர் அடி தள்ளி நின்றுகொண்டது.

ஜன்னலில் ஓர் உடும்பு உட்கார்ந்திருந்தது. பிடித்த படிவத்தை எளிதில் விடாது என்று பெயர் வாங்கிய அலுவலர். படிவத்தில் வயது எழுதாவிட்டாலும் பரவாயில்லை, உயரம் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, நான்காவது கட்டம் மட்டும் காலியாக இருக்கக் கூடாது என்றது. நான்காவது கட்டம், குடும்பப் பெயர்.

மாசிலாமணிக்குத் தெரிந்தது ஒன்றுதான். பெயருக்கு முன்னால் இருக்கிற எழுத்தை விரித்து எழுதுவது. தனக்குச் சோலையப்பன் என்று எழுதியது. மனைவிக்கு மாசிலாமணி என்று எழுதியது. மகளுக்கும் மாசிலாமணி. எல்லாம் சரியாக இருந்தது.

"மிஸ்டர் சோலையப்பன்" என்று உடும்பு கூப்பிட்டது.

மாசிலாமணி திரும்பிப் பார்த்தது. அப்பா இறந்து ஆறு வருஷம் ஆகிறது.

"உங்களைத்தான். இவங்க ரெண்டு பேரும் மாசிலாமணி குடும்பம். நீங்க சோலையப்பன் குடும்பம். இவங்ககூட நீங்க எதுக்கு நிக்கிறீங்க?"

"நான்தான் மேடம் மாசிலாமணி."

"அது உங்க பேரு. குடும்பம் எது?"

"குடும்பம் இதுதான் மேடம். இந்தா நிக்குதே."

உடும்பு கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தது. கம்ப்யூட்டருக்கு அந்தக் குடும்பம் நிற்பது தெரியவில்லை. அதற்குத் தெரிந்தது, பூங்கோதை தலைமையில் மாசிலாமணி குடும்பம் என்று ஒன்று, உறுப்பினர் இரண்டு. கூடவே சோலையப்பன் என்று ஒரு தனி ஆண்.

ஏரியில் தண்ணீர் குடிக்க மேல், நடு, கீழ் என்று மூன்று துறைகள் இருந்தன. யாருக்கு எந்தத் துறை என்பதையும் கம்ப்யூட்டரே சொல்லும். பாகுபாடு எதுவும் கிடையாது, குடும்பப் பெயரின் பொருளைப் பார்த்து அதுவே முடிவு செய்கிறது என்று உடும்பு விளக்கியது. மாசிலாமணி என்றால் குற்றமில்லாத ரத்தினம். ரத்தினம் என்றால் வியாபாரக் குடும்பம். ஆகவே நடுத்துறை. பூங்கோதை தன் முப்பாட்டன் வரைக்கும் யோசித்துப் பார்த்தது. பிறர் தோட்டத்தில் கிழங்கு எடுத்ததைத் தவிர வேறு வியாபாரம் எதுவும் அதற்கு நினைவு வரவில்லை.

முத்திரை விழுந்த அட்டைக்காரர்கள் உடனே உள்ளே போய்விட வேண்டும். பூங்கோதை முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு போகமாட்டேன் என்று நின்றது. காந்தள் முந்தின நாள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. மாசிலாமணி இருவரையும் உள்ளே தள்ளிவிட்டது.

வியாழக்கிழமை காலை கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் அதுவும் அந்தப் பக்கம் மனைவியும் நின்று பேசின. மகள் வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்குகிறாள் என்றது பூங்கோதை. கீழ்த்துறையில் நம் சொந்தக்காரர்களைப் பார்த்தேன் என்றது. அவர்கள் பழைய குடும்பப் பெயரை எழுதிக் கொடுத்துக் கூட்டமாக உள்ளே வந்துவிட்டார்களாம்.

அந்தப் பழைய பெயர் கிழங்குதோண்டி. மாசிலாமணியின் தாத்தா காலம் வரை காட்டில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கிழங்குதோண்டிகள் எல்லாருக்கும் கடைசியில், எல்லாரும் குளித்த தண்ணீரைக் குடிக்க வேண்டும். சோலையப்பன்தான் ஒருநாள் உச்சிவெயிலில் குளத்தின் நடுவில் போய் நின்று, இன்று முதல் என் பெயர் சோலையப்பன், அவ்வளவுதான் என்று சொன்னது. அன்றைக்கு அதன் முதுகில் பாதி முட்களைப் பிடுங்கிவிட்டார்கள். முட்கள் திரும்ப முளைத்தன. பெயர் முளைக்கவில்லை. அதைப் பார்த்து மற்ற விலங்குகளும் ஒவ்வொன்றாகத் தங்கள் பெயர்களை விட்டுவிட்டன. அண்ணாச்சி சொன்ன மாதிரி, காட்டில் அதையெல்லாம் இப்போது யாரும் பார்ப்பதில்லை.

"அந்தப் பேரையே எழுதிக் குடுத்துட்டு வந்துருங்களேன்" என்றது பூங்கோதை. "பேரு என்ன, கழுத்தையா நெரிக்குது?"

கீழ்த்துறைக்கும் நடுத்துறைக்கும் நடுவில் கம்பிவேலி உண்டா என்று மாசிலாமணி கேட்டது.

பூங்கோதை இருவருக்கும் நடுவில் இருந்த வேலியை அண்ணாந்து பார்த்தது. பிறகு, இதைவிட உயரமான வேலி என்றது.

அண்ணாச்சியின் படிவமும் திரும்பி வந்திருந்தது. அதன் மனைவியும் எட்டுக் குட்டிகளும் முந்தின நாளே உள்ளே போயிருந்தன. அது மாசிலாமணியிடம் வந்து, அத்திமரத்தில் இருக்கும் முனைவர் இருவாச்சியைப் போய்ப் பார் என்றது. வெளிக்காட்டில் பத்து வருஷம் படித்துவிட்டு வந்தவர். யார் போனாலும் குடும்பப் பெயரும் அதன் தோற்றமும் பொருளும் எழுதி, வம்சாவளி வரைந்து தருவார்.

மாசிலாமணி போனபோது, இருவாச்சிப் பறவைகளின் வழக்கப்படி முனைவரின் மனைவி மரப்பொந்துக்குள் முட்டையோடு உட்கார்ந்திருந்தது. பொந்தின் வாயைச் சேறு வைத்துப் பூசியிருந்தார்கள். அலகு நுழையும் அளவுக்கு ஒரு சந்து மட்டும் விட்டிருந்தார்கள். முனைவர் அந்தச் சந்து வழியாக அத்திப்பழத்தை நீட்டிக்கொண்டே குடும்பத்தின் பெருமையைப் பற்றிப் பேசியது.

குடும்பப் பெயர்கள் நான்கு வழியில் உண்டாகும் என்றது. ஊரால், தொழிலால், உடம்பால், அரசன் கொடுத்த பட்டத்தால். முதல் மூன்றும் யாருக்கும் பிடிப்பதில்லை, ஆகவே தான் நான்காவதை மட்டும் ஆராய்வதாகச் சொன்னது. மாசிலாமணியின் முதுகைச் சுற்றி வந்து பார்த்தது. இவை முட்கள் அல்ல, படைக்கலங்கள் என்றது. உங்கள் முன்னோர் ஓர் அரசனின் முன்வரிசையில் நின்று போரிட்டிருக்கிறார்கள், அரசன் மகிழ்ந்து கொடுத்த பட்டம் முள்வேந்தர் என்றது.

எந்த அரசன் என்று மாசிலாமணி கேட்டது.

அது அடுத்த பதிப்பில் வரும் என்றது முனைவர்.

முள்வேந்தர் பேரவை என்று ஏற்கெனவே ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் அவர்கள் ஊர்வலமாகச் சரணாலயத்துக்குள் போகிறார்கள். மேல்துறை. முள்ளெலிகள் சேர்ந்துவிட்டன. முதுகுமயிர் கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது என்று கரடி ஒன்று சேர்ந்துவிட்டது. எப்போதோ இலந்தைப் புதரில் விழுந்து எழுந்த ஓர் அணிலும் சேர்ந்துவிட்டது. மாசிலாமணிதான் பார்த்தவுடன் நம்பும்படியான முதல் உறுப்பினர். முன்னால் நிறுத்தலாம் என்று பேரவை ஆசைப்படுவதாக முனைவர் சொன்னது.

இரண்டு சின்ன விஷயங்கள் மட்டும். முள்வேந்தர்கள் வியாபாரக் குடும்பத்தில் சம்பந்தம் வைப்பதில்லை. ஆகவே நடுத்துறையில் இருக்கிற மனைவியும் மகளும் கணக்கில் வரமாட்டார்கள். இன்னொன்று, வம்சாவளியில் சோலையப்பன் என்கிற இடம் கொஞ்சம் இடிக்கிறது. தாத்தாவையும் பேரனையும் நேராகச் சேர்த்துவிட்டால் கோடு அழகாக வரும்.

"எங்கப்பா இல்லாம நான் எப்படிங்க பொறந்தேன்?" என்றது மாசிலாமணி.

"உணர்ச்சிவசப்படாதீங்க. இது ஆராய்ச்சி."

பொந்துக்குள்ளிருந்து அலகு ஒன்று வெளியே வந்தது. "எனக்கு என்ன குடும்பப் பேருன்னு உங்க முனைவரைக் கேளுங்க" என்றது குரல். "எட்டு வாரமா உள்ள உக்காந்து யோசிக்கிறேன்."

முனைவர் இன்னொரு அத்திப்பழத்தை எடுத்து அந்த அலகில் வைத்தது. மாசிலாமணி வந்த வழியே திரும்பி நடந்தது.

வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்கு அது கேட்டில் நின்றது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னால், குடும்பப் பெயர் கிடைக்காத நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண் விலங்குகள், அண்ணாச்சி உட்பட. அந்தப் பக்கம் பூங்கோதை வேலியோடு ஒட்டி நின்றது. காந்தள் வேலிக்கு அடியில் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது. வேலி பூமிக்குள்ளும் நான்கு அடி போகிறது என்பதை அதற்கு யாரும் சொல்லவில்லை.

பூங்கோதை ஜன்னலின் உள்பக்கமாகப் போய், இவரை என் அட்டையில் கணவர் என்று சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டது. உடும்பு வருத்தப்பட்டது. அட்டை போட்ட பிறகு பெரியவர்களைச் சேர்க்க வழியில்லை. கம்ப்யூட்டரில் அந்தக் கட்டமே திறக்காது. குழந்தை பிறந்தால் மட்டும்தான் சேர்க்கலாம்.

"குழந்தைக்கு என்ன மேடம் வேணும்?"

"குடும்பப் பேரு. தாயோட கைநாட்டு. அவ்வளவுதான்."

"வயசு?"

"வயசு கட்டாயம் இல்லை."

பூங்கோதை வேலிக்கு வெளியே நின்ற கணவனை மேலும் கீழும் பார்த்தது. நரைத்த முள் அங்கங்கே தெரிந்தது. இடது காதில் பழைய காயம்.

"அப்ப இவரை மகன்னு போட்டுக்குங்க மேடம்" என்றது. "வீட்டுலயும் அப்படித்தான். சோறு ஊட்டிவிடாத குறை."

உடும்பு அரைநிமிஷம் யோசித்தது. கேட்டது விதிக்குள்தான் இருந்தது. படிவத்தில் எழுதியது: பெயர், மாசிலாமணி. குடும்பப் பெயர், மாசிலாமணி. உறவு, மகன். அக்காள், காந்தள். தாயின் கைநாட்டு விழுந்தவுடன் கம்ப்யூட்டர் ஒரு சின்ன மணியோசை எழுப்பிப் பச்சை விளக்கைக் காட்டியது. மூன்று நாளில் அது திருப்தியடைந்தது அப்போதுதான்.

மாசிலாமணி நேராக நடுத்துறைக்குப் போய் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தது. வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை. மகள் ஒருபக்கமும் மனைவி ஒருபக்கமும் நின்று, புரையேறப் போகிறது என்று மாறி மாறித் திட்டின.

கேட் சாத்த இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. அண்ணாச்சி ஜன்னலுக்கு வந்து தொண்டையைக் கனைத்தது. வேலிக்கு உள்ளே பார்த்து, "அம்மா" என்று கூப்பிட்டது.

பூங்கோதை திரும்பிப் பார்த்தது. புதன்கிழமை ஓர் அடி தள்ளி நின்றது அதற்கு மறக்கவில்லை. ஆனால் அண்ணாச்சியின் எட்டுக் குட்டிகள் தண்ணீரில் இறங்காமல் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றதையும் அது இரண்டு நாளாகப் பார்த்திருந்தது. போய்க் கைநாட்டு வைத்தது. அதன் பிறகு மிளா ஒன்று அம்மா என்றது. கேளையாடு அம்மா என்றது. ஊர்வலத்தில் பின்தங்கிப்போன கரடியும் ஓடிவந்து அம்மா என்றது. ஐந்து மணிக்குக் கேட் சாத்தியபோது பூங்கோதைக்கு நாற்பத்து நான்கு பிள்ளைகள். எல்லாருக்கும் குடும்பப் பெயர் மாசிலாமணி.

மழை வந்தது. கேட் திறந்தது. யாரும் வெளியே போகவில்லை. மாசிலாமணிகள்தான் சரணாலயத்திலேயே பெரிய குடும்பம் என்று கணக்கெடுப்பில் தெரியவந்தது. அண்ணாச்சி தலைவரானது. மாசிலாமணி மகாசபை ஒரு மலர் வெளியிட்டது. அதில் குடும்பப் பெயரின் தோற்றம் பற்றி நீண்ட கட்டுரை இருந்தது. ஆதி மாசிலாமணி பல இனங்களுக்கும் தந்தையான பேரரசன் என்றும், குற்றமில்லாத ரத்தினங்களால் ஆன கிரீடம் அணிந்தவன் என்றும், பெரும் வறட்சியில் தன் மக்களை வேலிக்கு உள்ளே அனுப்பிவிட்டுத் தான் வெளியிலேயே நின்று உயிர் துறந்தான் என்றும் எழுதியிருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு தீர்மானம்: இவ்வளவு பெருமையுள்ள குடும்பத்துக்கு மேல்துறை வேண்டும். இனிமேல் புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது.

மாசிலாமணி மலரை இரண்டு முறை படித்தது. பிறகு மலர் வெளியிட்ட மேடைக்குப் போய், அண்ணாச்சியிடம் மெதுவாக, ஆதி மாசிலாமணி நான்தான், இன்னும் சாகவில்லை என்று சொன்னது.

அண்ணாச்சிக்குக் கோபம் வரவில்லை. அன்பாகத் தோளில் கை வைத்தது. முள் குத்தியதால் எடுத்துக்கொண்டது.

"நம்ம எல்லாருக்கும் அப்பா மேல பாசம் இருக்கு தம்பி" என்றது. "அதுக்காக நானே அவருன்னு சொல்லப்படாது. ஆமா, நீ அசல் மாசிலாமணியா, வந்து சேர்ந்த மாசிலாமணியா?"

மாசிலாமணி பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் பூங்கோதை வந்து, சின்னப் பிள்ளை, ஏதோ தெரியாமல் பேசிவிட்டான் என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு, அதைத் தண்ணீர்ப் பக்கமாக இழுத்துக்கொண்டு போனது.

நீதி: குடும்பப் பெயரின் பெருமையை விரிவாகப் பேச விரும்புகிறவர்கள், அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் எங்கும் நிற்கவில்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும், நின்றால், வயதில் சின்னவராக்கிவிட வேண்டும்.