சிவப்புத் துணி கட்டிச் செய்த சாக்லேட்

பயப்படுவதில் பூனாவிலேயே, ஏன், அன்றைய பம்பாய் மாநிலம் முழுவதிலுமே டேஞ்சரை மிஞ்ச ஆள் கிடையாது. நம்மைப் போல இருட்டுக்கும் பேய்க்கும் பயந்து காலத்தை வீணாக்குகிறவர் அல்ல அவர். தீப்பெட்டி, பம்ப் ஸ்டவ், ஆணி அடித்த செருப்பு, இறுக்கி மூடிய டப்பா என்று வீட்டில் சும்மா கிடக்கிற சாமான்கள்தான் அவருக்கு எமன். எங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடியைக்கூட ஓரக்கண்ணால்தான் பார்ப்பார்.

பூனாவை அடுத்த கிர்க்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையின் மருந்து ஷெட் வாசலில் நிற்பது அவர் வேலை. உள்ளே போகிறவர்களை ஒருவர் விடாமல் தடவிப் பார்த்து, பீடி, தீப்பெட்டி, இரும்புச் சாவி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டுதான் விடுவார். அங்கே பயம் அவருடைய உத்தியோகம். வம்பு என்னவென்றால், சாயங்காலம் சங்கு ஊதியதும் மற்றவர்கள் வெறும் டிபன் காரியரோடு வீடு திரும்ப, இவர் அந்தப் பயத்தையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். பெற்றவர்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்திருக்கத்தான் வேண்டும். எங்கள் லைன் வீடுகளில் தமிழர், மராட்டியர் எல்லோருக்கும் அவர் டேஞ்சர்தான்.

அவர் வீட்டு வாசற்படியில் ஒரு செப்புத் தகடு அடித்திருந்தது. யார் போனாலும் முதலில் அதைத் தொட வேண்டும். நம் உடம்பிலிருக்கிற மின்சாரம் அதில் இறங்கிவிடுமாம். அப்புறம் பையைக் காட்ட வேண்டும். ஒருமுறை பூஜைக்கு வந்த குருக்களின் மடியில் தீப்பெட்டியும் கற்பூரமும் ஒன்றாக அகப்பட்டுவிட்டன. டேஞ்சருக்கு வியர்த்துவிட்டது. "தீபாராதனை காட்ட வேண்டாமா?" என்று குருக்கள் கேட்டதற்கு, "தெருவுல நின்னுகினு காட்டுங்க சாமி. முருகருக்கு கண்ணு நல்லாத்தான் கீது" என்று சொல்லிவிட்டார். குருக்கள் தெருவில் நின்றே காட்டினார்.

தீபாவளி வந்தால் இன்னும் மோசம். வருஷம் முழுக்க வெடிமருந்தோடு புழங்குகிற காலனி அன்றைக்கு மட்டும் சும்மா இருக்குமா? விடியும்போதே டேஞ்சர் மனைவியையும் ஒரு ஈரக் கம்பளியையும் கூட்டிக்கொண்டு மூளா ஆற்றங்கரைக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். அந்த அண்ணி அலட்டிக்கொள்ளவே மாட்டாள். புளிசாதம் கட்டிக்கொண்டு போய் கரையில் ஒரு தூக்கம் போட்டுவிட்டு வருவாள்.

நான் கல்யாணமாகி குடியாத்தத்திலிருந்து கிர்க்கிக்குப் போய்ச் சேர்ந்தது ஐம்பதுகளின் கடைசியில். ஹிந்தி தெரியாது, மராத்தி தெரியாது. காய்கறிக்காரனிடம் விரலைக் காட்டியே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன். அந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் என் வீட்டுக்காரர். பேக்டரியில் ஃபிட்டர். ஆள் மலை மாதிரி இருப்பார். ஒரு தட்டு இட்லியை வைத்தால் அடுத்த தட்டு எங்கே என்று பார்ப்பார். அப்பேர்ப்பட்டவருக்குத் தொண்டையில் டான்சில் வீங்கி, ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். ஆபரேஷன் என்னவோ நன்றாகத்தான் நடந்தது. வீட்டுக்கு வந்த பிறகு மனிதர் விழுங்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

சோறு வேண்டாம், கஞ்சி வேண்டாம், தண்ணீர்கூட வேண்டாம். எச்சிலைக்கூட விழுங்காமல் சொம்பில் துப்பிக்கொண்டிருந்தார். ஸ்பூனைக் கிட்டே கொண்டுபோனால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை உருட்டுவார். உதடு வெடித்து, கண் உள்ளே போய், அந்த மலை என் கண்ணெதிரே சரிந்துகொண்டிருந்தது.

டாக்டரிடம் ஓடினேன். துணைக்கும், ஹிந்தியைத் தமிழாக்குவதற்கும் டேஞ்சர் வந்தார். தமிழாக்க அவரைவிட மோசமான ஆள் அகப்பட்டிருக்க முடியாது. டாக்டர் ஒரு வாக்கியம் சொன்னால் டேஞ்சர் அதை மூன்று ஆபத்தாகப் பெருக்கித்தான் என்னிடம் கொடுப்பார். எல்லாவற்றையும் சலித்தெடுத்தால் மிஞ்சிய சங்கதி இதுதான்: ஜில்லென்று ஏதாவது கொடுக்க வேண்டும். விழுங்க விழுங்கத்தான் தொண்டை ஆறும். நாளைக் காலைக்குள் எதையும் விழுங்காவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும்.

"குழா போட்டா இன்னாண்ணே ஆவும்?" என்று கேட்டேன்.

"அத்த மட்டும் கேக்காத தங்கச்சி" என்றார் அவர்.

ஜில்லென்று எதைக் கொடுப்பது? கல்யாணமான புதிதில் இவர் என்னைப் பூனாவின் கேம்ப் கடைத்தெருவில் ஒரு இரானி ஹோட்டலுக்குக் கூட்டிப்போய், சாக்லேட்டைப் பாலில் கரைத்து ஐஸாக உறைய வைத்துக் கண்ணாடி டம்ளரில் தருவார்களே, அதை வாங்கிக் கொடுத்தார். நான் ஒன்று சாப்பிட்டு முடிப்பதற்குள் அவர் இரண்டு சாப்பிட்டார். அது ஒன்றுதான் இப்போது அவர் வாயைத் திறக்கும் என்று எனக்குப் பட்டது. ஆனால் மே மாத வெயிலில் கேம்ப்பிலிருந்து கிர்க்கிக்குக் கொண்டுவந்தால் வெறும் கோக்கோ தண்ணீர்தான் வந்துசேரும்.

"வூட்லயே செய்யலாம்மா" என்றார் டேஞ்சர். யாரோ ஒரு ராணுவ அதிகாரி வீட்டுச் சமையல்காரர் செய்ததைப் பார்த்திருக்கிறாராம். "தூக்குல பாலை ஊத்தி, ஐஸும் கல்லுப்பும் போட்ட வாளிக்குள்ள எறக்கி, திருகிகினே இருந்தா கட்டிப் பூடும். ஆனா ஜாக்கிரதையா செய்யணும். நானே வந்து நிக்கிறேன்."

அவர் வந்து நின்றதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

மத்தியானம் சைக்கிளில் மரத்தூளும் சாக்குமாக ஒரு பெரிய ஐஸ் பாளத்தோடு வந்து இறங்கினார். முதல் காரியமாக என் நைலான் புடவையை மாற்றச் சொன்னார். கல்யாணத்துக்கு வாங்கிய ஒரே நைலான். "அதுல பொறி பறக்கும் தங்கச்சி. நூல் பொடவ கட்டிகினு வா." கட்டிக்கொண்டு வந்தேன். வாசலில் ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர் வைத்தார். அறைக்குள் மூன்று பேருக்கு மேல் கூடாது என்றார். ஐஸை உடைக்கச் சுத்தியல் எடுத்தேன். இரும்பு ஆகாது என்று பிடுங்கிக்கொண்டு, துணி துவைக்கிற மரக்கட்டையைக் கையில் கொடுத்தார். கடைசியாக, பேக்டரியில் மருந்து நிரப்பும்போது செய்கிற வழக்கப்படி, எங்கள் வாசல் நிலையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார்.

பாலைக் கொதிக்க வைத்து, கோக்கோவும் சர்க்கரையும் கரைத்தது அண்ணி. அதுவும் அவர்கள் வீட்டுக் கொல்லையில், கரி அடுப்பில். கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து தந்தாள். "ஆறட்டும்ணே" என்றேன். "தெறந்து வச்சா தூசி வுழும்" என்று அந்தச் சூட்டிலேயே தூக்கில் ஊற்றி, மூடியை அவர் பலத்தையெல்லாம் காட்டி இறுக்கிவிட்டார். ஐஸும் உப்பும் போட்ட வாளிக்குள் அதை இறக்கி, நான் கைப்பிடியைப் பிடித்துத் திருகத் தொடங்கினேன். அவ்வப்போது திறந்து வழித்துவிட வேண்டாமா என்று கேட்டதற்கு, "வேல நடக்கிறப்ப தெறக்கவே கூடாது" என்று ஒரே பேச்சாக முடித்துவிட்டார். கட்டிலில் என் வீட்டுக்காரர் கழுத்தில் கம்பளி மஃப்ளரோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

கொஞ்ச நேரத்தில் உப்பும் ஐஸும் சேர்ந்து வாளியிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பியது. உள்ளே ஐஸ் விரிசல் விட்டு டிக் டிக் என்று சத்தம். சரியாக அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஷாந்தாபாய் எங்கள் வாசலைத் தாண்டினாள். அவள் புருஷனும் பேக்டரிதான். சிவப்புத் துணியைப் பார்த்தாள். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கும் டேஞ்சரைப் பார்த்தாள். புகைகிற வாளியைப் பார்த்தாள்.

"பளா! பளா!" என்று ஒரு கூச்சல் போட்டாளே பார்க்கலாம். ஓடுங்கள் என்று அர்த்தம். மராத்தியில் நான் கற்றுக்கொண்ட முதல் வார்த்தை அதுதான்.

வேறு எந்தக் காலனியாக இருந்தாலும் என்ன, ஏது என்று எட்டிப் பார்க்க வந்திருப்பார்கள். எங்கள் காலனியில் சிவப்புத் துணிக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. லைன் முழுவதும் காலியாகி, தண்ணீர்த் தொட்டியின் மதிலுக்குப் பின்னால் போய்க் குந்திவிட்டது. அதிலும் வேடிக்கை, ஜனங்கள் ஓடுவதைப் பார்த்ததும் டேஞ்சருக்கே சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை பேர் ஓடுகிறார்கள் என்றால் காரணம் இல்லாமலா இருக்கும்! "எல்லாரும் வெளிய வாங்க!" என்று அவரும் கத்திக்கொண்டே என்னை இழுத்துக்கொண்டு ஓடினார். எங்களுக்கு முன்னால் மஃப்ளர் பறக்க ஓடிக்கொண்டிருந்தது, இரண்டு நாளாகக் கட்டிலைவிட்டு இறங்காத என் வீட்டுக்காரர்.

மதிலுக்குப் பின்னால் டேஞ்சர் முதலில் தலைகளை எண்ணினார். அதுவும் பேக்டரிப் பழக்கம். ஒருவரும் விட்டுப்போகவில்லை என்று தெரிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சூடா ஊத்தி இறுக்கி மூடிப்புட்டேன். உள்ளாற அழுத்தம் ஏறிகினு இருக்கும். மூடி பிச்சுகினு வந்தா கூரையே பூடும்" என்றார் மெதுவாக. அவர் சொன்ன தினுசில் எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது.

எனக்கு அப்போது விஞ்ஞானம் ஒன்றும் தெரியாது. சூடாக மூடியது குளிர்ந்தால் மூடி இன்னும் இறுகிக்கொள்ளுமே தவிர வெடிக்காது என்பதெல்லாம் ரொம்பப் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான். பக்கத்தில் என் புருஷன் வறண்ட உதட்டோடு மூச்சு வாங்கிக்கொண்டு குந்தியிருக்கிறார். அவர் விழுங்கக்கூடிய ஒரே பொருள் அந்தத் தூக்குக்குள் இருக்கிறது. விடிந்தால் குழாய். எனக்கு அழுகை பீறிட்டது. "வெடிச்சா வெடிக்கட்டும், நான் போய் எடுத்துகினு வரேன்" என்று எழுந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

டேஞ்சர் என் முன்னால் வந்து நின்றார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "உக்காரும்மா. உள்ள ஒரு ஆளுதான் போவணும். அது ரூல்" என்றார். கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் வைத்தார். செருப்பை விட்டார். முருகா என்று கும்பிட்டுவிட்டு நடந்தார்.

"அப்படியே நம்ம அடுப்புல கொழம்பு கொதிக்குது, எறக்கி வச்சிட்டு வாங்க" என்றாள் அண்ணி.

டேஞ்சர் அப்படியே நின்றுவிட்டார். "அடுப்பு எரியுதா?" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, திரும்பிப் பார்க்காமல் எங்கள் வீட்டுக்குள் நுழைந்துவிட்டார்.

ஷாந்தாபாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே மரக்கட்டையால் தட்டுகிற ஓசை, அப்புறம் முக்கல், அப்புறம் 'டொப்' என்று ஒரு பெரிய சத்தம். எல்லோரும் குப்புற விழுந்தோம். நான் அண்ணியைப் பார்த்தேன். அதுவரை அலட்டிக்கொள்ளாதவள் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆல் கிளியர்!"

வாசலில் டேஞ்சர் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் தூக்கு, ஒரு கையில் மூடி. மூடி பட்டென்று கழன்ற வேகத்தில் மீசை, சட்டை எல்லாம் சாக்லேட். தூக்குக்குள்ளே பாதி உறைந்து, கரண்டி நிற்கிற பதத்தில் பளபளவென்று இருந்தது.

ஒரு ஸ்பூன் எடுத்து என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன். மனிதர் வாயை இறுக்கிக்கொண்டார். கெஞ்சினேன், திட்டினேன், காலில் விழாத குறை. அசையவில்லை. லைனே சுற்றி நின்று பார்த்தது.

"நான் துண்ணு காட்றேன்" என்றார் டேஞ்சர். ஐஸ் தின்றால் நெஞ்சில் சளி கட்டி ஆள் போய்விடுவான் என்று நம்புகிறவர் அவர். பிறந்ததிலிருந்து ஒரு குல்ஃபிகூடத் தொட்டதில்லை. கண்ணை மூடி, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு ஸ்பூனை வாய்க்குள் விட்டார். அடுத்த வினாடி "அய்யோ பல்லு!" என்று இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே குதித்துக் குதித்து ஒரு வட்டம் வந்தார்.

என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கத் திறந்த வாயில் ஸ்பூனைத் திணித்துவிட்டேன். வலியில் முகம் கோணி, கண்ணில் தண்ணீர் முட்ட, தொண்டை ஏறி இறங்கியது. உள்ளே போய்விட்டது. பிறகு ஸ்பூனைச் சுட்டிக்காட்டி, இன்னும் என்று ஜாடை செய்தார். நான் அழுதுகொண்டே ஊட்டினேன். பாதித் தூக்கு காலியானதும் ஆள் கட்டிலில் விழுந்து நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

கூட்டம் சிரித்துப் பேசிக் கலைந்தது. டேஞ்சர் மட்டும் எங்கள் படியில் உட்கார்ந்திருந்தார். மீதி சாக்லேட்டை ஒரு டம்ளரில் போட்டுக் கொடுத்தேன். அவரால் அதைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு கையும் அப்படி நடுங்கின.

"ஏண்ணே, நெசமாவே வெடிக்கும்னா நெனச்சீங்க?"

"பின்ன? சும்மாவா வாட்சக் கழட்டி குடுத்தேன்?" என்றார்.

நான் டம்ளரை வாங்கிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஸ்பூனாக ஊட்டிவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் பயந்து கண்ணை மூடிக்கொண்டுதான் வாயைத் திறந்தார். அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் பூனாவில் எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இருக்கவில்லை.