மாப்பிள்ளை பார்த்த கம்ப்யூட்டர்

“தம்பி கம்ப்யூட்டர் லைன் எண்டு பிள்ளை சொன்னவள். இதில சத்தம் வரேல்ல. ஒருக்காப் பாருமன்.”

பெண்ணின் அப்பா இப்படிக் கேட்டதும் மதிவாணன் வாயில் இருந்த வடை உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. பெண் கேட்டு வந்த இடத்தில் சம்பளம் கேட்பார்கள், சாதகம் கேட்பார்கள், தாத்தா எந்த ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டினார் என்றுகூடக் கேட்பார்கள். அத்தனைக்கும் பதிலை மனப்பாடம் செய்துகொண்டுதான் ஜொகூரின் தம்போயில் அந்த வீட்டு வாசலில் காலணியைக் கழற்றினான். கம்ப்யூட்டரைப் பார்க்கச் சொல்வார்கள் என்று எவன் கண்டான்?

அவன் தர்மினியைப் பார்த்தான். தர்மினி கூரைக் காற்றாடியைப் பார்த்தாள்.

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸிலும், எல்லையில் குடிநுழைவு வரிசையிலும் வளர்ந்த காதல் இது. அவள் ஒரு கிளினிக்கில் கணக்கு பார்க்கிறாள். அவன் ஒரு கிடங்கில் பெட்டிகளை எண்ணி, எண்ணிக்கையைக் கம்ப்யூட்டரில் தட்டுகிறான். அந்தத் தட்டலைத்தான் அவள் அப்பாவிடம் ‘சாஃப்ட்வேர்’ என்று ஊதி வைத்திருந்தாள். அதையும் இவன் கேட்டைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் காதில் போட்டாள்.

“இதுக்கு முன்னால வந்த ரெண்டு மாப்பிள்ளையையும் அப்பாவுக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சி, மதி. சாதகம் பொருந்தலன்னு அம்மா சொன்னாங்க, தப்பிச்சேன். இதான் நமக்கு ஒரே சான்ஸ். சொதப்பிடாத லா.”

சொல்லிவிட்டால் ஆயிற்றா?

தர்மினியின் அப்பா வைத்தியலிங்கம் பொதுப்பணி இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த குடும்பம். இரண்டு தலைமுறை ஜொகூரில் கழிந்தும் ‘எண்டு’ம் ‘வாங்கோ’வும் அந்த வீட்டில் மாறவில்லை. மற்ற வீட்டு ஹாலில் டிவி இருக்கும் இடத்தில் அவர் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது. பெரிய, கறுப்பு, பழைய பெட்டி.

“இந்தப் பெட்டியை ஓட்டுறது லினக்ஸ்,” என்றார், குலதெய்வத்தை அறிமுகப்படுத்துகிற குரலில். “காசு குடுத்து வாங்கிறதில்லை. உலகத்து ஆக்கள் எல்லாரும் சேர்ந்து செய்து சும்மா தருகினம். முன்னம் ஓட்டின சனியன், ‘இந்தப் பெட்டி பழசு, புதுசு வாங்கு’ எண்டு எனக்கே கட்டளை போட்டுது. தூக்கி எறிஞ்சிட்டன். நாலு வருசமா இதுதான், சாப்பாடும் இதுக்கு முன்னாலதான். பிரேசில்ல ஒருத்தன் சந்தேகம் கேட்டால் நான்தான் பதில் எழுதுவன். போலந்துக்காரன் என்னை ‘மாஸ்டர்’ எண்டு கூப்பிடுறவன்.”

“அப்ப... நீங்களே சரி பண்ணிடலாமே அங்கிள்?” மதிவாணன் நைசாக நழுவப் பார்த்தான்.

“செய்யலாம். ஆனால் உம்மட கையைப் பார்க்க வேணுமே?” அவர் சிரித்தார். “முதல் வந்த பெடியன் வைஃபையைத் திருத்தித் தந்தவன். அடுத்தவன் பிரிண்டரை. தங்கமான பெடியங்கள்!”

மதிவாணன் சட்டென்று எழுந்தான். “அங்கிள், டாய்லட் எங்க?”

உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஜெயபாலனுக்குப் போன் அடித்தான். ஜெயபாலன் நிஜமாகவே சாஃப்ட்வேர், சிநேகிதன்.

“லினக்ஸா? அலமாக்! மச்சான், உனக்கு வேற வீட்டுல பொண்ணே கெடைக்கலையா?”

“டேய், விளையாடாத. சத்தம் வரல. என்ன பண்ணட்டும்?”

“சத்தத்துக்குன்னு ஒரு சாஃப்ட்வேர் உள்ள இருக்கும். அத தூக்கிட்டுத் திரும்பப் போடு. கமாண்ட் அனுப்புறேன், அப்படியே தட்டு. ஆனா ஒண்ணு, அது ஏதாச்சும் கேட்டா படிச்சிப் பாத்துட்டு...”

“மதி தம்பி, சுகம்தானே?” கதவுக்கு வெளியே வைத்தியலிங்கம். மதிவாணன் போனை வைத்துவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டான்.

வந்து உட்கார்ந்து, ஜெயபாலன் அனுப்பியதை எழுத்துப் பிசகாமல் தட்டினான். கம்ப்யூட்டர் ஒரு நீண்ட பட்டியலைக் காட்டியது. இதைத் தூக்கினால் கூடவே இதுவும் போகும், அதுவும் போகும், சம்மதமா என்று கேட்டது. நல்ல பிள்ளையாகக் கேட்கத்தான் செய்தது. ஆனால் பின்னால் மாமனார் நிற்கிறார். சாஃப்ட்வேர்காரன் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தால் மானம் போகாதா? படபடவென்று ‘சம்மதம்’ தட்டினான். எழுத்துகள் மழையாக ஓடின. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

நிறுத்தித் திரும்பப் போட்டபோது படம் இல்லை, ஐகான் இல்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் பெயரைக் கேட்டது.

“சத்தம் மட்டும்தான் போயிருந்தது,” என்றார் வைத்தியலிங்கம் மெதுவாக. “இப்ப படமும் போயிட்டுது.”

“இது... அப்படித்தான் அங்கிள். மொதல்ல க்ளீன் பண்ணணும்.”

தர்மினியின் அம்மா செல்லப்பாக்கியம் தேத்தண்ணியோடு வந்து எட்டிப் பார்த்தார். “சரிவந்திட்டுதோ?”

“இன்னும் இல்ல ஆன்டி.”

“ஆறுதலாச் செய்யும் தம்பி. ஒரு அவசரமும் இல்லை,” என்று சொல்லிவிட்டு, சூடாக மீன் கட்லட் கொண்டுவந்து வைத்தார். வெட்டப் போகிற ஆட்டுக்கு மாலை போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஒன்றை எடுத்துத் தின்றான். ருசியாக இருந்தது வேறு வயிற்றெரிச்சலாக இருந்தது.

இரண்டாவது தடவையும் டாய்லட்டுக்குப் போனான். போனதைத் திரும்பப் போட இன்டர்நெட் வேண்டும் என்றான் ஜெயபாலன். அழித்ததில் வைஃபையும் செத்துக் கிடந்ததால் போனை வயரில் கம்ப்யூட்டரோடு கட்டச் சொன்னான். கட்டினான். கம்ப்யூட்டர் இப்போது ‘உள்ளே இடமில்லை’ என்றது. போன் கட்டிப் போட்ட மாடாகி மேசையிலேயே கிடந்ததால் இனி டாய்லட்டும் உதவாது. மெசேஜில் கேட்டான்.

‘பழைய கெர்னல் நிறைய கிடக்கும். அத அழி, இடம் வரும்’ என்று பதிலும் கூடவே கமாண்டும் வந்தன. கெர்னல் என்றால் என்ன என்று இவனுக்கா தெரியும்? பழசு என்றால் பழசு. கண்ணில் பட்ட கெர்னல் எல்லாவற்றையும் அள்ளி அழித்தான். ‘இது ஆபத்து, நிஜமாகவா?’ என்று கம்ப்யூட்டர் கெஞ்சியது. நிஜமாகத்தான் என்றான்.

அழித்து முடித்த கையோடு போன் சிணுங்கியது. ஜெயபாலனின் மெசேஜ் பெரிய எழுத்தில், மேசைமேல், வைத்தியலிங்கத்தின் மூக்குக் கண்ணாடிக்கு நேரே மின்னியது. ‘மச்சான் இப்ப ஓடுற கெர்னல மட்டும் தொட்டுறாத!! அது போனா பொட்டி பொணம்.’

“எதைத் தொடக்கூடாதாம்?”

“ஆபீஸ் விசயம் அங்கிள்.”

அணைத்துப் போட்டான். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வார்த்தை, பக்கத்தில் ஒரு கோடு. எதைத் தட்டினாலும் அந்தக் கோடு கண்ணடித்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காகியிருந்தாலும் பரவாயில்லை, இங்கே குரங்குக்கும் உயிர் இல்லை.

வைத்தியலிங்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகத்தில் ரத்தம் இல்லை. “தம்பி, நாலு வருசமா நான் எழுதின குறிப்பெல்லாம் இதுக்குள்ளதான் கிடக்கு.”

“ஒண்ணும் ஆகாது அங்கிள். ஹார்டிஸ்க்ல பத்திரமா இருக்கும்.” தெரியாமல்தான் சொன்னான். அதுவரை அவன் அவரிடம் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

“சரிவந்திட்டுதோ?” செல்லப்பாக்கியம் சமையலறையில் இருந்து எட்டிப் பார்த்தார்.

“இல்ல ஆன்டி, இன்னும் கொஞ்சம் மோசமாயிருக்கு.”

“அப்ப இருந்து சாப்பிட்டிட்டுத்தான் போகோணும். நண்டு வாங்கியிருக்கு.”

இந்த அம்மாளுக்கு இரக்கமே கிடையாதா? ஒருத்தன் குடல் வெளியே தொங்குகிறது, நண்டாம் நண்டு!

தர்மினி பக்கத்தில் வந்து கிசுகிசுத்தாள். “போதும் மதி. அப்பாகிட்ட உண்மைய சொல்லிடலாம்.”

“இப்ப சொன்னா பொட்டியையும் கெடுத்தவன், பொய்யும் சொன்னவன்னு ஆயிடும். சரி பண்ணிட்டுச் சொல்றேன்.”

“உன்னால முடியுமா?”

“முடியாது.” நாளைக் காலை பஸ்ஸில் அவள் ஒரு மூலையிலும் தான் ஒரு மூலையிலும் நிற்பதை நினைத்துப் பார்த்தான். தாங்க முடியவில்லை. “ஸ்குரூ டிரைவர் எடுத்துக்கிட்டு வா.”

சாஃப்ட்வேர் கைவிட்டால் பழியை ஹார்ட்வேர்மேல் போடுவது அந்தத் தொழிலின் தர்மம் என்று ஜெயபாலன் எப்போதோ சொல்லியிருந்தான். “அங்கிள், இது ஹார்ட்வேர் பிரச்சினைன்னு நெனைக்கிறேன்,” என்று அறிவித்துவிட்டு, மின்சார வயரைப் பிடுங்கிப் பெட்டியைப் பிரித்தான். உள்ளே பஞ்சு மெத்தை தைக்கிற அளவுக்குத் தூசி. துடைத்தான், ஊதினான், தும்மினான். கையில் அகப்பட்டதை எல்லாம் கழற்றித் திரும்பச் செருகினான்.

அப்போதுதான் பெட்டியின் பின்புறம், வயர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு குட்டிச் சிவப்பு சுவிட்ச் கண்ணில் பட்டது. ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. ஆகா, இதுதான்! யாரோ தவறாகத் தட்டி வைத்திருக்கிறார்கள்! வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஸ்குரூ டிரைவர் நுனியால் அதை மறுபக்கம் தள்ளி, வயரைச் செருகி, சுவரில் சுவிட்சைப் போட்டான்.

டமார்!

நீல வெளிச்சம். புகை. காற்றாடி நின்றது, குளிர்ப்பெட்டி நின்றது, வீடு முழுக்க டிரிப் ஆகி அடங்கியது. பக்கத்து வீட்டு நாய் மட்டும் விடாமல் குரைத்தது.

வைத்தியலிங்கம் குனிந்து அந்தச் சிவப்பு சுவிட்சைப் படித்தார். “நூற்றிப் பதினைஞ்சு,” என்றார். “அமெரிக்காக் கரண்டுக்கு. நாங்கள் ஜொகூர்ல இருக்கிறம் தம்பி. எங்கட கரண்ட் அதில இரண்டு மடங்கு.”

இனி என்ன இருக்கிறது மறைக்க? மதிவாணன் கையில் ஸ்குரூ டிரைவரோடு எழுந்து நின்றான்.

“அங்கிள், மன்னிச்சிருங்க. நான் சாஃப்ட்வேர் இல்ல. குடோன்ல பொட்டி எண்ணுறவன். தர்மினி மேல தப்பில்ல. அவ என்ன உங்களுக்குப் புடிக்கணும்னுதான் அப்படிச் சொன்னா. எனக்கும் அவள விட்டுடப் பயம், அதான் வாயத் தொறக்கல. நான் வாங்கித் தர்றேன் அங்கிள், புதுசு.”

வைத்தியலிங்கம் புகையும் பெட்டியைப் பார்த்தார். ஹாலைச் சுற்றிப் பார்த்தார், எங்கே உட்காருவது என்று தெரியாதவர் மாதிரி. பிறகு நடந்து போய்ச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்.

“பாக்கியம்,” என்று கூப்பிட்டார். “இண்டைக்கு என்ன கறி?”

மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே மதிவாணன் முடிவு செய்தான். தர்மினி கண்ணைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். இனி அங்கே அவனுக்கு என்ன வேலை? சொல்லிக்கொள்ள முகமில்லாமல் வாசலுக்கு வந்தான். காலணியை இடம் வலம் மாற்றிப் போட்டு, கழற்றி, திரும்பவும் மாற்றியே போட்டான். சொந்த ஊரான பெக்கோக்கில் அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அவளுக்கு என்ன சொல்வது?

கேட்டில் கை வைத்தபோது பின்னால் காலடிச் சத்தம். செல்லப்பாக்கியம், கையில் கரண்டியோடு. அடிக்கத்தான் வருகிறார் என்று நின்றான். அவர் கேட்டின் கொண்டியைத் திரும்ப மாட்டினார்.

“எங்க போறீர்? உள்ள வந்து சாப்பிடும். உங்கட அம்மாவை நல்ல நாள் பார்த்து வரச் சொல்லும். பிள்ளையின்ட அப்பாவோட நான் கதைக்கிறன்.”

“ஆன்டி... நான் அந்தக் கம்ப்யூட்டரையே கொன்னுட்டேன். முன்னால வந்த ரெண்டு பேரும் அவ்வளவு கெட்டிக்காரங்க...”

“ஓம்,” என்றார் செல்லப்பாக்கியம். “ரெண்டு பேரும் அந்தப் பெட்டியைத் திருத்திக் குடுத்திட்டாங்கள், தம்பி. அதாலதான் சாதகம் பொருந்தேல்ல எண்டு நான் சொன்னனான்.”