தரை காயட்டும்

மனிதர்களில் ஆயத்தச் சிகாமணி என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரைச் சோம்பேறி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பாவம், விடிந்ததிலிருந்து இடுப்பொடிய உழைக்கிறவர். என்ன, எந்த வேலையைச் செய்யவேண்டுமோ அதைத் தவிர மற்ற எல்லா வேலையையும் செய்துகொண்டிருப்பார்.

என் பக்கத்து வீட்டுச் சிகாமணியையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, வீடு வீடாகப் போய்ப் புல்வெளி வெட்டிக்கொடுத்துப் பிழைக்கிறவன். ஒரு நாள் அவனுடைய புல் வெட்டும் மெஷின் மக்கர் செய்தது. கயிற்றை இழுத்தால் இரண்டு தடவை இருமும், உடனே அணைந்துவிடும். கடைக்குத் தள்ளிக்கொண்டு போனவனைச் சிகாமணி வழிமறித்தார்.

"நான் ஒருத்தன் இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேன், நீ கடைக்குப் போறியா மச்சான்? இன்ஜின்தானே, நான் பாத்துக்கிறேன்."

சொன்னவர் இன்ஜினைப் பார்த்தாரா? வீட்டோரக் கொட்டகையின் தரையைப் பார்த்தார். அங்கே ஒரு ரிப்பேர் பட்டறை அமைப்பது அவருடைய நெடுநாள் ஆசை.

"இந்தத் தரையில எப்படி இன்ஜினைப் பிரிக்கிறது? ஒரு ஸ்க்ரூ விழுந்தா ஜென்மத்துக்கும் கிடைக்காது."

"ஒரு பழைய துணிய விரிச்சிக்கலாமே அத்தான்?"

சிகாமணி அவனை ஏற இறங்கப் பார்த்தார். 

வெறும் சிமெண்டு எண்ணெயைக் குடித்துவிடும், டைல்ஸ் போட்டால் ஸ்பேனர் விழுந்து விரிசல் விடும், ரப்பர் விரிப்பு பெட்ரோல் பட்டு உப்பிக்கொள்ளும் என்று கடை கடையாக ஏறி இறங்கி, விற்கிறவர்களுக்கே பாடம் நடத்தி, கடைசியில் வழுக்காத எபாக்ஸி பிசின் பூச்சுதான் சரி என்று முடிவுகட்டி, பழைய தரையைச் சுரண்டி, வெடிப்புகளை அடைத்து, தண்ணீர் ஓட வாட்டம் பார்த்து, விழுந்த ஸ்க்ரூ பளிச்சென்று தெரிவதற்காக வெளிர் சாம்பல் நிறத்தில், முழங்கால் தேயத் தேயப் பூசி முடித்தார். வேலை சுத்தம். குறை சொல்லவே முடியாது.

மெஷின்? அது வேலியோரத்தில், கிழிந்த தார்ப்பாயின் கீழ், மழையில் நனைந்துகொண்டிருந்தது.

மைத்துனன் வந்து நின்றபோதெல்லாம் ஒரே பதில்தான்: "தரை காயட்டும்."

"ஏங்க, அவனோட வாடிக்கை வீடெல்லாம் வேற ஆளைக் கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்க. இன்னைக்கு அவன் புல் வெட்டுற பள்ளிக்கூடமும் கைவிட்டுப் போச்சு," என்றார் மனைவி.

"அவசரப்பட்டா பூச்சு உரிஞ்சிடும்மா."

அவர் தம்பியின் வயிற்றைப் பற்றிப் பேசுகிறார், இவர் பூச்சைப் பற்றிப் பேசுகிறார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

ஒருவழியாகத் தரை காய்ந்தது. மைத்துனன் முகமெல்லாம் பல்லாக மெஷினை வாசல்வரை தள்ளிவந்தான். சிகாமணி இரண்டு கையையும் விரித்து மறித்தார்.

"நில்லு, நில்லு. எண்ணெய் சொட்டுது பாரு. சக்கரம் பூரா சேறு. இதைப் போய் உள்ள கொண்டுவரலாமா?"

"இதுக்காகத்தானே அத்தான் தரையே போட்டீங்க?"

"அதுக்காக?"

மனைவியே தம்பியோடு சேர்ந்து மெஷினைத் தெருமுனைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார். கடைக்காரர் மண்தரையில் ஒரு சாக்கை விரித்து, கார்புரேட்டரை அடைத்திருந்த கசடைத் துடைத்து ஊதினார். முதல் இழுப்பிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. இப்போது மெஷின் ஜோராக ஓடுகிறது. வெட்டக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. மைத்துனன் மறுபடியும் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டிக்கொண்டிருக்கிறான். சிகாமணியோ வருகிறவர்களுக்கெல்லாம் தரையைக் காட்டிக்கொண்டிருக்கிறார், செருப்பைக் கழற்றச் சொல்லி.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். 'நான் பாத்துக்கிறேன்' என்று நீங்கள் யாரிடமோ வாங்கி வைத்த பொருள் ஒன்று வீட்டின் எந்த மூலையில் கிடக்கிறது என்று மட்டும் ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்கள். 'பார்க்கலாம், முதலில் அந்த மூலையைக் கொஞ்சம் ஒழுங்குபண்ணிவிட்டு' என்று தோன்றுகிறதா?

வணக்கம், சிகாமணியாரே.