படுத்த மரத்தின் நெஞ்சுயரம்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது, அப்புறம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது, அதற்கும் பிறகு நாகரிகத்தின் உச்சியில் ஏறி நின்று காகித ஆலையின் அளவை விதியைக் கண்டுபிடித்தது. 'நிற்கும் மரத்தை, நிற்கும் மனிதர், தம் நெஞ்சுயரத்தில் சுற்றி அளக்க வேண்டும்.' இந்த விதியை, தாம் பெற்ற பிள்ளையைப் போலப் பேணி வந்தார் ஆலையின் அளவை அதிகாரி.

புயல் வந்தது. அவருடைய அக்காவின் தைலமரத் தோப்பை ஒரே மூச்சில் படுக்க வைத்துவிட்டுப் போனது. புருஷன் போன பிறகு அவள் ஒற்றை ஆளாக வளர்த்த தோப்பு அது. அதை விட்டால் வேறு பிழைப்பில்லை. பூஞ்சை பிடிப்பதற்குள் கூழாக்கினால் காகிதம், தவறினால் குப்பை. விடிந்ததும் ஆலைக்கு ஓடினாள்.

“தம்பி, மரம் கெடறதுக்குள்ள எடுத்துக்கப்பா.”

“அக்கா, ஆபீஸ்ல நான் உனக்குத் தம்பி இல்ல.”

“சரிங்க சார். எடுத்துக்கோங்க சார்.”

“படுத்த மரத்துக்கு ஏதுக்கா நெஞ்சுயரம்?”

“நீயும் பக்கத்துல படுத்துக்கிட்டு அளடா! உன் நெஞ்சு எங்க வருதோ, அதான்.”

அதில் நியாயம் இருப்பதாக அதிகாரிக்கே பட்டது. தோப்புக்குப் போய்ப் படுத்தும் பார்த்தார். அப்போதுதான் அளப்பவரும் நிற்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. முதுகில் ஒட்டிய சேற்றோடு எழுந்து, விஷயத்தை 'முறைப்படி' மேலிடத்துக்கு அனுப்பினார்.

'விழுமர உயர்நிலைக் குழு' கூடியது. டீ குடித்தது. மரங்களைத் தூக்கி நிறுத்தி அளக்கலாம் என்று ஏகமனதாக முடிவெடுத்தது. கிரேன் வந்தது. உள்ளே நுழைய வழியில்லை, வழியெல்லாம் மரம்.

“நாலு மரத்தை நகத்திட்டா உள்ள போயிடலாம் சார்” என்றார் டிரைவர்.

“அளக்காத மரத்தை நகத்தறதா? திருட்டுய்யா அது!” என்று பதறினார் அதிகாரி.

கிரேன் திரும்பிப் போனது. குழு மறுபடி கூடி, கிரேனின் 'நல்லெண்ண வருகை'யைப் பாராட்டித் தீர்மானம் போட்டது.

மழை பெய்தது. மரங்களில் காளான் பூத்தது. கடைசியில், காலால் தட்டினால் மரம் மாவாக உதிர்ந்தது. அக்கா வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஆலையை மட்டும் பட்டினி போட முடியுமா? கப்பலில் வெளிநாட்டுக் கூழ் வந்து இறங்கியது. அதிலிருந்து வந்த வழவழப்பான காகிதத்தில் முதலில் அச்சானது ஒரு பாராட்டுப் பத்திரம். சொந்த அக்கா என்றும் பாராமல் விதியைக் காத்த உத்தமருக்கு.

விழா மேடையில் அதிகாரி விறைப்பாக நின்றார். கைதட்டல் ஓயவில்லை. அக்கா மேடையேறினாள். வாழ்த்த வருகிறாள் என்று ஆலை மேனேஜர் கண் கலங்கினார். அவளோ தம்பியின் பையிலிருந்த டேப்பை உருவி, அவர் மார்பைச் சுற்றினாள்.

“என்னக்கா பண்ற?”

“ஆடாம நில்லுடா, அளக்கிறேன்.”

டேப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

“நிக்குது சார். நானும் நின்னுதான் அளந்தேன். விதிப்படி எல்லாம் சரி, தாராளமாக் கொண்டுபோய்க் கூழாக்குங்க. உள்ள மட்டும் எப்பவோ உளுத்துப்போச்சு. பரவாயில்ல, அதப் பாக்கணும்னு உங்க விதியில இல்லையே.”